அலமாரியை அகற்றும் முன் அளந்து பாருங்கள்

2025ஆம் ஆண்டு மே மாதம் சிங்கப்பூரில் சில படங்கள் வேகமாகப் பரவின. மூடப்படவிருந்த யேல்-என்யுஎஸ் கல்லூரியின் நூலகப் புத்தகங்கள் மறுசுழற்சிக்காக லாரியில் ஏற்றப்பட்ட படங்கள் அவை. அந்த நூலகத்தில் இருந்தவற்றில் பெரும்பகுதி சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் மற்ற நூலகங்களுக்குப் போய்விட்டது. மிஞ்சியவை சுமார் 9,000. தூக்கிப் போடுவதற்குப் பதில் எங்களுக்கே கொடுத்திருக்கலாமே என்று மாணவர்கள் கேட்டார்கள். பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது.

அந்தச் சில நாள்களில் இரண்டு விதமான குரல்கள் கேட்டன. “புத்தகத்தை எறிவது பாவம்” என்றது ஒன்று. “இந்தக் காலத்தில் காகிதத்தை யார் படிக்கிறார்கள்?” என்றது மற்றொன்று. எனக்கு இரண்டுமே அவசரப்பட்ட பேச்சாகத் தோன்றுகிறது. உலகம் முழுவதும் பல்கலைக்கழக நூலகங்கள் புதுப்பிக்கப்படுகின்றன. அலமாரிகள் குறைந்து நாற்காலிகள் கூடுகின்றன. இன்னும் மூன்று, நான்கு ஆண்டுகளில் அந்த நாற்காலிகளில் உட்காரப் போகிறவர்கள் நீங்கள். அதனால் இதை உணர்ச்சியாக மட்டும் பார்க்காமல், நீங்கள் பள்ளியில் படிக்கும் இயற்பியலையும் வேதியியலையும் கொண்டு சற்று அளந்து பார்ப்போம்.

முதலில் புதுப்பிக்க வேண்டும் என்பவர்களின் நியாயம். அமெரிக்காவின் வெர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் 2007-08 கல்வியாண்டில் மாணவர்கள் 238,000 நூல்களை இரவல் வாங்கினார்கள். பத்து ஆண்டு கழித்து அந்த எண்ணிக்கை 60,000. மாணவர்கள் படிப்பதை நிறுத்திவிட்டார்கள் என்பது இதற்குப் பொருளன்று. அறிவியல் ஆய்விதழ்கள் ஏறக்குறைய முழுவதும் மின்வடிவத்துக்கு மாறிவிட்டன. பாடநூலின் ஓர் அத்தியாயம் வேண்டுமென்றால் கைப்பேசியிலேயே கிடைக்கிறது. ஆனால் தேர்வுக் காலத்தில் எந்தப் பல்கலைக்கழக நூலகத்திலும் இடம் பிடிப்பது பெரும்பாடு. குழுவாக உட்கார்ந்து பேச அறை வேண்டும், மடிக்கணினிக்கு மின்செருகி வேண்டும், பெரிய தரவுகளைக் கையாளக் கற்றுத்தர ஆள் வேண்டும். அதே வெர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் பெரிய நூலகம் 1938இல் கட்டப்பட்டது. புத்தகம் அடுக்குவதற்கென்றே தாழ்ந்த கூரையோடு அமைந்த தளங்கள் அதில் இருந்தன. 2020இல் வேலை தொடங்கி 2024 ஜனவரியில் மீண்டும் திறந்தார்கள். திட்டம் அறிவிக்கப்பட்டபோது பேராசிரியர்கள் பலர் புத்தகங்கள் குறைந்துவிடும் என்று எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

புத்தகங்களை வேறிடத்துக்கு நகர்த்துவதையே அவமதிப்பாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு கேள்வி. புத்தகத்துக்கு வாயிருந்தால் எங்கே இருக்க விரும்பும்?

காகிதத்தில் இருப்பது செல்லுலோஸ் என்னும் நீண்ட மூலக்கூறு. ஈரமும் அமிலமும் அந்தச் சங்கிலியைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கின்றன. மலிவான காகிதத்தில் லிக்னினும் இருக்கும்; ஒளி படப்பட அது மஞ்சளாகும். பழைய நாளிதழைத் தொட்டால் பொடிந்துபோவது இதனால்தான். வெப்பநிலை குறைந்தால் வேதிவினையின் வேகம் குறையும் என்று உயர்நிலைப்பள்ளியில் படித்திருப்பீர்கள். அந்த விதி சோதனைக்குழாய்க்கு மட்டும் உரியதன்று. ஹார்வர்ட் பல்கலைக்கழகம் 1986இல் நகருக்கு வெளியே திறந்த புத்தகக் கிடங்கில் வெப்பநிலை சுமார் 10 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் சுமார் 35 விழுக்காடு. அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்து படித்தால் உங்களுக்குப் பல் கிட்டிப்போகும். புத்தகத்துக்கோ அது நல்ல இடம்.

நம் ஊரில் சிக்கல் இன்னும் கூடுதல். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். 65, 70 விழுக்காட்டைத் தாண்டினாலே பூஞ்சைக்குக் கொண்டாட்டம். குளிரூட்டியைப் போட்டுவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். குளிர்ந்த காற்று குறைவான நீராவியைத்தான் தாங்கும். ஆகவே நீரைப் பிரித்தெடுக்காமல் காற்றைக் குளிர்விக்க மட்டும் செய்தால் ஒப்பு ஈரப்பதம் ஏறும். பகலில் குளிரூட்டி ஓடி இரவில் நின்றுபோகும் ஒரு கூடத்தில், நாள்தோறும் ஈரம் ஏறி இறங்கும் காற்றில், பழைய நூல்கள் வெறுமனே நிற்கின்றன. மனிதருக்கு ஏற்ற 24, 25 டிகிரி அறை வேறு, காகிதத்துக்கு ஏற்ற அறை வேறு. இரண்டையும் ஒரே கூரையின் கீழ் ஒரே குளிரூட்டியில் ஓட்டுவது இரண்டு தரப்புக்கும் நட்டம். எனவே அரிய நூல்களைக் குளிர்ந்த, உலர்ந்த தனிக் கிடங்குக்கு அனுப்புவதை நான் ஆதரிக்கிறேன்.

எடை என்று இன்னொரு சங்கதி இருக்கிறது. ஒரு ரீம் ஏ4 தாளை எடுத்துக்கொள்ளுங்கள். 500 தாள், எடை 2.5 கிலோகிராம், தடிமன் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர். அலமாரியின் ஒரு மீட்டர் தட்டில் 20 ரீம் நிற்கும். அதாவது 50 கிலோகிராம். புத்தகங்கள் ஏ4 அளவைவிடச் சிறியவை என்பதால் உண்மையில் இதைவிடக் குறையும் என்றாலும், ஆறு தட்டு, இரண்டு பக்கம், வரிசை வரிசையாக என்று பெருக்கிப் பாருங்கள். அமெரிக்கக் கட்டடத் தரவிதி வாசிப்பு அறையின் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 290 கிலோகிராம் தாங்க வேண்டும் என்கிறது. புத்தக அடுக்குத் தளத்துக்கு அது 730 கிலோகிராம். புத்தகங்கள் இருந்த தளத்தில் மாணவர்களை உட்கார வைக்கலாம். வாசிப்பு அறையாகக் கட்டிய தளத்தில் பின்னாளில் புத்தக அடுக்குகளை நிறுத்த முடியாது. “பொறியாளர் புத்தகங்களின் எடையைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டார், அதனால் எங்கள் நூலகம் ஆண்டுக்கு ஓர் அங்குலம் மண்ணில் புதைகிறது” என்ற கதை பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் உலவுகிறது. கதைதான், நம்ப வேண்டாம். ஆனால் நல்ல கதை.

சரி, கிடங்கில் போட்டால் எடுப்பது எப்படி? சிகாகோ பல்கலைக்கழகம் 2011இல் மன்சுவேட்டோ நூலகத்தைத் திறந்தது. வெளியிலிருந்து பார்த்தால் கண்ணாடிக் குமிழி. அதன் கீழே, நிலத்துக்குள் சுமார் 15 மீட்டர் ஆழத்தில், 35 லட்சம் நூல்கள் வைக்கும் கிடங்கு. இயந்திரப் பாரந்தூக்கிகள் பெட்டியைத் தேடி மேலே கொண்டுவரும். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஹன்ட் நூலகம் 2013இல் வந்தது. அங்கே 20 லட்சம் நூல்கள் வைக்கக்கூடிய ரோபோக் கிடங்கு, வழக்கமான அலமாரிகளுக்கு வேண்டிய இடத்தில் ஒன்பதில் ஒரு பங்கையே எடுத்துக்கொள்கிறது. கணினியில் கேட்டால் சில நிமிடங்களில் நூல் முகப்புக்கு வந்துவிடும். மிச்சமான இடமெல்லாம் மாணவர்களுக்கு.

கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் இந்தக் கிடங்குகளில் ஒரு வழக்கம் உண்டு. நூல்களைப் பொருள்வாரியாக அடுக்குவதில்லை, உயரவாரியாக அடுக்குவார்கள். பட்டைக் குறியீடு எந்தப் பெட்டி என்று சொல்லிவிடும் என்பதால் வானியல் நூலுக்குப் பக்கத்தில் சமையல் நூல் இருந்தாலும் ரோபோவுக்குக் கவலையில்லை. உங்களுக்குக் கவலை உண்டு.

இங்கே ஒரு தமிழரை நினைக்க வேண்டும். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனார். பயிற்சிக்கு லண்டன் போனார். அங்கே ஒரு கடையில் மெக்கானோ என்னும் பொம்மையைப் பார்த்தார். அதே சில துண்டுகளை வேறு வேறு விதமாகப் பூட்டி வேறு வேறு பொம்மை செய்யலாம். ஒரு நூலின் பொருளையும் இப்படிச் சிறு கூறுகளாகப் பிரித்துப் பூட்டினால் என்ன என்று யோசித்தார். 1933இல் வெளிவந்த கோலன் பகுப்புமுறைக்கு விதை அதுதான். அதற்கு இரண்டு ஆண்டு முன்பே நூலக அறிவியலுக்கு ஐந்து விதிகளை அவர் வகுத்துவிட்டார். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது அவற்றில் ஒன்று. நூலகம் வளரும் உயிர் என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் மேற்கோள் காட்டி ரோபோக் கிடங்கை நியாயப்படுத்திவிடலாம். ஆனால் அதே ரங்கநாதன், வாசகர் தாமே அலமாரிகளுக்கு இடையே நடந்து நூலைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதிலும் உறுதியாக இருந்தார். தேடி வந்த நூலுக்குப் பக்கத்தில், தேடாத ஆனால் தேவையான நூல் நிற்கும். கணினித் தேடல் நீங்கள் தட்டிய சொல்லுக்குத்தான் விடை தரும். என்ன சொல்லைத் தட்டுவது என்றே தெரியாத முதலாம் ஆண்டு மாணவருக்கு அலமாரிதான் பேசும். ஆகவே ஒவ்வொரு துறையிலும் முதலில் படிக்க வேண்டிய நூல்கள் கைக்கெட்டும் அலமாரியில் பொருள்வாரியாக நிற்க வேண்டும் என்பது என் கட்சி. எல்லாவற்றையும் கிடங்குக்கு அனுப்பிவிட்டுச் சுவரில் புத்தகப் படம் ஒட்டும் அலங்காரம் வேண்டாம்.

அலமாரி போனால் போகும் இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. அது அமைதி.

1895இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை அறையில் பேராசிரியர் பேசுவது யாருக்கும் புரியவில்லை. ஒரு சொல் அடங்க ஐந்து விநாடிக்கு மேல் ஆனது; அதற்குள் அடுத்த பதினைந்து சொற்கள் வந்து மோதின. சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் செபைன் என்ற இளம் இயற்பியலாளருக்கு வந்தது. பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்து வருவார். ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு, ஒலி அடங்கும் நேரத்தை அளப்பார். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பி வைத்துவிடுவார். மெத்தை கூடக்கூட எதிரொலி குறைந்தது. அறை நிறைந்தபோது ஒரு விநாடியை ஒட்டி வந்தது. அவர் கண்ட சூத்திரம் எளிமையானது. எதிரொலி அடங்கும் நேரம், அறையின் கன அளவை 0.16ஆல் பெருக்கி, அறையில் ஒலியை உறிஞ்சும் பரப்பால் வகுத்தால் கிடைக்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 20 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம் கொண்ட ஒரு கூடம். கன அளவு 1,200 கன மீட்டர். புத்தக அடுக்குகள், கம்பளம், துணி என எல்லாம் சேர்ந்து 300 சதுர மீட்டர் அளவுக்கு ஒலியை உறிஞ்சினால் எதிரொலி 0.64 விநாடியில் அடங்கும். அலமாரிகளை எடுத்துவிட்டுப் பளபளக்கும் தரையும் கண்ணாடிச் சுவரும் வைத்து அது 100 சதுர மீட்டராகக் குறைந்தால்? 1.92 விநாடி. ஒரு நாற்காலியை இழுத்தால் கூடமே திரும்பிப் பார்க்கும். புத்தகங்கள் படிப்பதற்கு மட்டுமல்ல, ஒலியை வாங்கிக்கொள்ளவும் அங்கே நின்றன. புதுப்பிப்பவர்கள் அந்த வேலையைச் செய்ய வேறு பொருளை வைக்க வேண்டும்: கூரையில் உறிஞ்சு பலகை, சுவரில் துணி, பேசும் தளத்துக்கும் மௌனத் தளத்துக்கும் இடையே கதவு. நடுவில் மாடி மாடியாகத் திறந்த கூடத்தை வைத்துவிட்டு “இந்த மாடியில் மட்டும் அமைதி காக்கவும்” என்று பலகை தொங்கவிட்டால் ஒலி அதைப் படிக்காது. குழுவாகப் பேசிக் கற்பது நல்லது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு கடினமான ஆய்வுக் கட்டுரையை மூன்று மணி நேரம் தனியாக முட்டி மோதிப் புரிந்துகொள்வதும் நவீன ஆய்வுதான். வீட்டில் தம்பி தங்கையோடு ஓர் அறையைப் பகிர்ந்துகொள்ளும் மாணவருக்கு அந்த மௌனத் தளம் வேறெங்கும் கிடைக்காது.

மின்வடிவம் வந்துவிட்டதே, அச்சு ஆய்விதழ்கள் எதற்கு என்ற கேள்விக்கும் வருவோம். ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்ளுங்கள். அச்சு இதழை நூலகம் வாங்கியது. அது நூலகத்தின் சொத்து. மின்னிதழை நூலகம் பெரும்பாலும் வாடகைக்கு எடுக்கிறது. 2019இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கும் எல்செவியர் பதிப்பகத்துக்கும் ஒப்பந்தம் முறிந்தது. அவ்வளவு பெரிய பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்களே புதிய கட்டுரைகளுக்கு வேறு வழி தேட வேண்டியிருந்தது. 2021இல்தான் புதிய உடன்பாடு வந்தது. ஆகவே, பழைய தொகுதிகளை அகற்றும் முன் “இவற்றின் மின்வடிவம் நமக்கு என்றைக்கும் உரியதா, சந்தா நின்றால் போய்விடுமா?” என்று நூலகம் எழுத்துமூலம் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இனி எனக்கு மிகவும் உறுத்தும் விஷயம். எந்த நூலை வைப்பது, எதை அனுப்புவது என்று முடிவு செய்ய நூலகங்கள் பெரும்பாலும் பார்ப்பது இரவல் எண்ணிக்கையை. பத்து ஆண்டாக யாரும் எடுக்கவில்லையா, பட்டியலில் சேர். எளிதான அளவுகோல், கணினியே கணக்கெடுத்துக் கொடுத்துவிடும். ஆனால் அலமாரி பக்கத்திலேயே நின்று புரட்டிப் பார்த்துத் திரும்ப வைத்த நூல் அந்தக் கணக்கில் வராது. அதைவிடப் பெரிய கோளாறு, சிறிய வாசகர் கூட்டம் உள்ள மொழிகளை இந்த அளவுகோல் முதலில் வெளியேற்றும்.

நம் வரலாற்றையே பாருங்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை 1956இல் தொடங்கியது. அங்கே தமிழுக்கு உரிய இடம் கிடைக்க வேண்டும் என்று குரல் கொடுத்தவர் தமிழ் முரசின் கோ. சாரங்கபாணி. ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டினார். வசதி படைத்தவர்கள் மட்டுமின்றி எளிய மக்களும் கொடுத்தார்கள். இப்படித் தமிழர்களின் ஆதரவோடு வளர்ந்த ஒரு துறையின் நூல் தொகுப்பில், 1950களில் இங்கே அச்சான ஒரு சிறுகதைத் தொகுப்போ சங்க ஆண்டு மலரோ பத்து ஆண்டுக்கு ஒரு முறைதான் இரவல் போகும். ஆனால் உலகத்தில் அதற்கு இருப்பது இரண்டே பிரதியாக இருக்கலாம். அதே நேரத்தில், ஆண்டுக்கு இருபது முறை இரவல் போகும் ஒரு கால்குலஸ் பாடநூல் எல்லா நூலகங்களிலும் இருக்கும். பழைய பதிப்பை எறிந்தால் யாருக்கும் நட்டமில்லை. இரவல் எண்ணிக்கை இந்த இரண்டில் எதை வைத்துக்கொள்ளச் சொல்லும்?

அதனால் “எத்தனை பேர் எடுத்தார்கள்?” என்பதற்கு முன்னால் “எத்தனை பிரதி இருக்கிறது?” என்று கேட்க வேண்டும். இது பெரிய வேலையன்று. நூலகப் பட்டியல்கள் இன்று இணையத்தில் இணைந்திருக்கின்றன. ஒரு நூல் இந்த வட்டாரத்தில் வேறெங்கும் இல்லையென்றால் அது இரவல் போகாவிட்டாலும் குளிர்ந்த கிடங்கில் இடம் பெற வேண்டும். ஏழெட்டு நூலகங்களில் இருந்தால் ஒன்று இரண்டை வைத்துக்கொண்டு மற்றவற்றை வேண்டுபவர்களுக்குக் கொடுக்கலாம். கொடுக்கும் முன் ஒரு மாதம் மேசையில் பரப்பி வைக்கலாம். மின்வடிவமாக்கலும் உதவும். 1965 முதல் 2015 வரை சிங்கப்பூரில் வந்த தமிழ்ப் படைப்புகளில் சுமார் 350 நூல்கள் தேசிய நூலக வாரியத்தின் துணையோடு மின்னூல்களாகியுள்ளன. அருமையான பணி. ஆனாலும் மின்வடிவம் இருக்கிறது என்பதற்காக மூலப் பிரதியை எறிவதை நான் ஏற்கமாட்டேன். ஒரு பக்கம் விடுபட்டிருந்தால், ஒரு படம் மங்கியிருந்தால், திரும்பிப் பார்க்க மூலம் வேண்டும். ஆய்வு என்பதே சரிபார்ப்பதுதானே.

அடுத்த முறை ஒரு பல்கலைக்கழகம் தன் கதவைத் திறந்து உங்களை அழைக்கும்போது, பாடப்பிரிவுக் கையேட்டையும் இலவசப் பையையும் வாங்கிக்கொண்டு நூலகத்துக்கும் ஒரு நடை போய்வாருங்கள். மௌனத் தளத்தில் நின்று மேல்மாடிப் பேச்சு காதில் விழுகிறதா என்று கேளுங்கள். கிடங்கில் உள்ள ஒரு நூலைக் கேட்டால் எவ்வளவு நேரத்தில் வரும் என்று முகப்பில் விசாரியுங்கள். ஐந்து நிமிடமா, இரண்டு நாளா என்பதில் அந்த நூலகத்தைப் பற்றி நிறையத் தெரிந்துவிடும். பிறகு தமிழ் நூல்கள் எந்தத் தளத்தில் இருக்கின்றன என்று கேளுங்கள். பெற்றோரையோ ஆசிரியரையோ விட்டுக் கேட்கச் சொல்லாமல், நீங்களே கேளுங்கள். அந்த அலமாரியைத் தேடி எத்தனை பேர் வந்தார்கள் என்பதையும் யாரோ எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.